பிள்ளை பிறக்கும் மாதத்தைப் பார்த்து வாங்குங்கள்

முதல் பிள்ளைக்காக நான் வாங்கிக் குவித்தவற்றில் பாதி, அவன் பாடசாலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் கடைப் பையோடேயே அலுமாரியில் கிடந்தது. பால் போத்தல் நான்கு, அவற்றைக் கழுவும் தூரிகை, வெல்வெட் சப்பாத்து ஒரு சோடி, பூப்போட்ட டப்பாவில் பவுடர், பக்கத் தலையணைகளோடு கூடிய குட்டி மெத்தை. வாங்காமல் விட்டது நுளம்பு வலை ஒன்றுதான். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றிரவு, முழங்கால் அளவு வெள்ளத்தில் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், பூட்டிய கடையைத் தட்டித் திறக்கவைத்து ஒரு வலையை வாங்கி வந்தார்.

கைக்குழந்தைக்கான பட்டியல் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதை எழுதியவருக்கு உங்கள் வீட்டுக் கூரையைத் தெரியாது. கார்த்திகையில் உங்கள் கிணற்றுத் தண்ணீர் என்ன நிறமாகும் என்பதும் தெரியாது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் முதல் பிள்ளைக்காகக் காத்திருப்பவர்களுக்கு, இரண்டு பிள்ளைகளை இங்கேயே வளர்த்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். மூத்தவன் மார்கழி மழையில் பிறந்தவன். இளையவள் ஆனி மாதத்துக் கச்சானில் பிறந்தவள். (வெளியூர்க்காரர் குழம்ப வேண்டாம். இது வறுத்துத் தின்னும் கச்சான் அல்ல. தென்மேற்கிலிருந்து வந்து உதட்டை வெடிக்க வைக்கும் காற்று.) ஒருவனுக்குத் தேவைப்பட்ட பொருட்கள் மற்றவளுக்குத் தேவைப்படவில்லை.

ஏழாம் மாதத்தில் தொடங்குங்கள்

அதற்கு முன் வாங்கி வைக்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இதற்காக மாமியோடு சண்டை பிடிக்க வேண்டாம்; இரண்டு மாதம் தாராளமாகப் போதும். ஒன்பதாம் மாதக் கடைசிவரை தள்ளிப்போடுவதுதான் தவறு. முப்பத்தேழு வாரம் முடிந்துவிட்டால் பிள்ளை எந்த நாளும் வரலாம்.

கிளினிக்கில் குறித்துத் தந்த திகதியிலிருந்து மூன்று மாதத்தை நாட்காட்டியில் எண்ணுங்கள். அந்த மூன்று மாதம் ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் விழுந்தால் துணி காயாது, நுளம்பு பெருகும், மின்சாரம் நிற்கும், தெருவில் தண்ணீர் ஏறும். துணியைக் கூடுதலாக வையுங்கள். சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் விழுந்தால் வேர்க்குருவும் புழுக்கமும்தான் பிரச்சினை. கம்பளித் தொப்பி, கையுறை, காலுறை என்று கடைக்காரர் அடுக்கும் போதே கையை உயர்த்தி நிறுத்துங்கள்.

பழைய சாறன்

பிறந்த பிள்ளைக்கு மிகத் தேவையான பொருள் மென்மையான பருத்தித் துணி. அது கடையில் இல்லை, உங்கள் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. நூறு தடவை துவைத்து நூல் இளகிய சாறனுக்கும் வொயில் சேலைக்கும் ஈடாக எந்தப் புதுத்துணியும் வராது.

சாறனின் தையலைப் பிரித்து விரியுங்கள். இரண்டு மீற்றர் அளவுக்கு நீளும். நீளவாட்டில் மூன்றாக மடித்து, குறுக்காக இரண்டாக மடித்து, மடிப்புகளில் வெட்டினால் ஆறு துண்டு. ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டாம்; அந்தத் தடிப்பு பிள்ளையின் தொடையில் கோடு விழுத்தும். நூல் பிரிந்தால் பிரியட்டும், தொங்கும் நூலை மட்டும் அவ்வப்போது நறுக்கிவிடுங்கள். பிள்ளையின் விரலிலோ கால்விரலிலோ நூல் சுற்றிக்கொண்டால் இரத்தம் ஓடாமல் வீங்கிப்போகும். காரணம் தெரியாமல் வீரிட்டு அழும் பிள்ளையின் விரல்களை முதலில் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஐந்து சாறனில் முப்பது துண்டு கிடைக்கும். வெயில் காலத்துக்கு அது போதும். மூத்தவனுக்கு முப்பதோடு தொடங்கி, மூன்றாம் நாள் அப்பாவின் வேட்டியையும் வெட்டினோம். மழைக்காலத்துக்கு ஐம்பது வேண்டும்.

புதுச்சாறனை வெட்டுவதாக இருந்தால், மருதமுனைக் கைத்தறியாகவே இருந்தாலும், நாலைந்து தடவை சுடுநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். தறியில் நூலுக்குப் பூசிய கஞ்சி போனால்தான் துணி தண்ணீரை உறிஞ்சும். துவைக்கச் சாதாரண சவர்க்காரம் போதும். வாசனைத் திரவம் எதிலும் முக்க வேண்டாம். அலசும் தண்ணீர் தெளிவாகும்வரை அலசுவதுதான் முக்கியம், அரைகுறையாகத் தங்கிய சவர்க்காரம் பிள்ளையின் அடித்தோலைச் சிவக்க வைக்கும்.

மழை விடாமல் பெய்யும் வாரத்தில் காயவைப்பது எப்படி? விறாந்தையில் இரண்டு கயிறு, அடுப்படியில் ஒரு கயிறு. ஆனால் விறகடுப்புப் புகைக்கு நேர் மேலே கட்ட வேண்டாம், துணியிலுள்ள புகை பிள்ளையின் மூக்குக்குப் போகும். முக்கால் பதம் காய்ந்ததை ஸ்திரிக்கை போட்டு முடியுங்கள். மின்சாரம் இருக்கும் நேரத்தில் இருபது துண்டுக்குச் சேர்த்துப் போட்டுவிடுவது எங்கள் வீட்டில் இரவுக் கடமை. அதைச் செய்தவர் என் கணவர். தன் சேட்டைக்கூட ஒருநாளும் ஸ்திரிக்கை போடாதவர்.

பம்பஸ் (கடையில் வாங்கும் டயப்பர்) போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், அதில் பாவம் ஒன்றும் இல்லை. கிளினிக் போகும் பயணத்துக்கும் அடைமழை நாளின் இரவுக்கும் பெரிய உதவி. மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மலம் போனால் உடனே. முதலிலேயே பெரிய பொதியை வாங்கிவிடாதீர்கள். மிகச் சிறிய அளவு சில வாரங்களில் இறுக்கமாகிவிடும்.

மற்ற உடைகளுக்கு அதிக யோசனை வேண்டாம். முன்பக்கம் நாடா வைத்த பருத்திச் சட்டை எட்டு, மெல்லிய தொப்பி இரண்டு, சுற்றிவைக்கப் பெரிய துணி நான்கு, மெதுவான துவாய் மூன்று. காத்தான்குடிக் கடைத்தெருவில் ஒரு மாலையில் இவ்வளவையும் வாங்கிவிடலாம். எல்லாவற்றையும் உடுத்துமுன் ஒருதரம் துவைத்துவிடுங்கள்.

வைத்தியசாலைக்குப் பை

எந்த வைத்தியசாலையில் பதிந்திருக்கிறீர்களோ அங்கே கொண்டுவர வேண்டிய பொருட்களைக் கிளினிக்கிலேயே சொல்வார்கள். மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கும் களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் சிறு சிறு வேறுபாடு இருக்கும். அவர்கள் சொல்வதே கணக்கு. பொதுவாக இரண்டு பையாகக் கட்டுங்கள். தாய்க்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. பிரசவ அறைக்குப் பிள்ளையின் பை மட்டும் போகும். ஒரே பையாகக் கட்டினால் யாரோ ஒருவர் அவசரத்தில் சட்டைக்குள் துவாயைத் தேடிக் கிளறுவார். பிள்ளை பிறந்தவுடன் துடைக்க ஒரு துவாய், சுற்ற ஒரு துவாய், இவை இரண்டும் மேலே இருக்க வேண்டும்.

தாயின் பையில் முன்பக்கம் திறக்கும் சட்டை மூன்று, பெரிய அளவு நப்கின், பழைய சேலைத் துண்டுகள், செருப்பு, கோப்பை, கரண்டி, பிளாஸ்க். கர்ப்பகாலப் பதிவேடு, இரத்த வகை எழுதிய துண்டு, ஸ்கான் அறிக்கைகள், அடையாள அட்டை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில். தொலைபேசியின் சார்ஜரை நாங்கள் இரண்டு தடவையும் மறந்தோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு விடயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். காசநோய்க்கு எதிரான பீ.சீ.ஜீ. ஊசியை வைத்தியசாலையிலேயே இடது கையில் போடுவார்கள். பிள்ளையின் சுகாதார அட்டையில் அது பதியப்பட்டிருக்கிறதா என்று வாசித்த பிறகே வாகனத்தில் ஏறுங்கள். சில வாரம் கழித்து அந்த இடம் சிறு கொப்புளமாகிச் சீழ் பிடித்து ஆறும். அது அப்படித்தான்; மஞ்சளும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

படுக்கை, வலை, ஏணை

பிள்ளை மல்லாக்கப் படுக்க வேண்டும். அடியில் அமுங்காத மெத்தை, அதன்மேல் இறுக்கமாக விரித்த துணி, அவ்வளவுதான். தலையணை, பக்கத் தலையணை, பொம்மை, தடித்த போர்வை எதுவும் முகத்துக்கு அருகில் இருக்கக் கூடாது. குடையைப் போல விரித்து மூடும் சிறு வலை பகலுக்கு உதவும், இரவுக்குப் பெரிய வலைக்குள் தாயும் பிள்ளையும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது என்பதால் மாலையில் மட்டும் வலை போட்டுப் பயனில்லை. காலை வெயிலில் பிள்ளையை விறாந்தையில் கிடத்தும்போதும் வலை வேண்டும். நுளம்புச் சுருளைப் பிள்ளை இருக்கும் அறையில் கொளுத்தாதீர்கள். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். பூச்சட்டிக்கு அடியில் வைத்த தட்டு, தேங்காய்ச் சிரட்டை, கூரைப் பீலி ஆகியவற்றில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டிவிடுவதையும் பிள்ளைக்கான ஆயத்தங்களில் ஒன்றாக எண்ணுங்கள்.

ஏணை (சேலைத் தொட்டில்) கட்டாத வீடு நம் பக்கத்தில் அரிது. எனக்கும் அதில் விருப்பம் உண்டு, என் இரண்டு பிள்ளைகளும் அதில் ஆடியவர்கள்தான். ஆனால் சேலைக்குள் பிள்ளையின் உடல் வளைந்து தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு அடைபடும். அழுகை அடங்கும்வரை ஆட்டுங்கள், கண்ணுக்கு எதிரே இருக்கட்டும், கண்ணயர்ந்ததும் தூக்கி மெத்தையில் கிடத்துங்கள். ஏணை கட்டும் கூரை வளையையும் கொக்கியையும் ஸ்பிரிங்கையும் நம்பி விட்டுவிடாதீர்கள். பிள்ளையை வைக்குமுன் பத்துக் கிலோ அரிசிப் பையை அதில் போட்டு ஒரு பகல் முழுக்கத் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் மத்தியானம்வரை அசையாமல் இருந்த பை, தேநீர் குடிக்கும் நேரத்தில் பொத்தென்று விழுந்தது. கொக்கி துருப்பிடித்திருந்தது. அன்று சிந்திய அரிசியைப் பொறுக்கிய நேரத்தில் அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பால்

இங்கே வாங்க வேண்டியது ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட இல்லாமல். பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் முதல் பால் கொடுத்துவிட வேண்டும். மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பாக வரும் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும். முதல் நாள் பிள்ளையின் வயிறு கொள்வதும் ஒரு தேக்கரண்டி அளவுதான். "பால் வரவில்லை, பால்மா கரைத்துக் கொடுப்போம்" என்ற பேச்சு இந்த இரண்டு நாளில்தான் எழும். அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை, பிள்ளை கேட்கும்போதெல்லாம், இரவிலும்.

கச்சான் வீசும் காலத்தில் வரும் உறவினர் ஒவ்வொருவரும் பிள்ளைக்கு நாக்கு வறளும், ஒரு கரண்டி கொதித்தாறிய தண்ணீர் கொடு என்பார்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பங்கு தண்ணீர்தான். தாகமாக இருந்தால் பிள்ளை அடிக்கடி பால் கேட்கும். தண்ணீர் குடிக்க வேண்டியது நீங்கள். சீனித்தண்ணீர், தேன், கோரோசனை எதுவும் வாயில் வைக்க வேண்டாம். தேன் ஒரு வயதுவரை ஆகாது, அதிலுள்ள ஒருவகைக் கிருமி கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. இதைச் சொன்னபோது என் பெரியம்மா, "உனக்கும் தேன் வைத்தவள்தான் நான், நீ செத்தா போனாய்?" என்று கேட்டார். பெரியம்மாவோடு வாதாடி வென்றவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. தேன் போத்தலை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

பால் போதுமா என்பதைப் பால் அளந்து அறிய முடியாது, துணியை எண்ணித்தான் அறியலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு துணியாவது நன்றாக நனைய வேண்டும். மலம் முதலில் தார் போலக் கறுப்பாக இருந்து, நாலைந்து நாளில் மஞ்சளாக மாறும். முதல் நாட்களில் எடை கொஞ்சம் குறையும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். பால் கொடுக்கும்போது முலைக்காம்பு புண்ணானால் பிள்ளை வாய் வைக்கும் விதம் சரியில்லை என்று பொருள். பொறுத்துக்கொண்டிருக்காமல் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். பெரிய வைத்தியசாலைகளில் தாய்ப்பாலூட்டலுக்கென்றே தனிநிலையம் இருக்கிறது.

வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் மட்டும் பால் கறக்கும் கருவியைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் பிள்ளை பிறந்து ஒரு மாதம் கழித்து. அரச வேலையிலும் கடை, அலுவலக வேலையிலும் பிரசவ விடுமுறை 84 வேலை நாள். ஞாயிறும் போயாவும் அதில் சேராது. கையால் கறக்கப் பழகினால் கருவியும் தேவையில்லை. கறந்த பாலைப் புகட்டச் சிறு எவர்சில்வர்க் கிண்ணமும் கரண்டியும் போதும். போத்தலும் சூப்பியும் கழுவி முடியாது, வெள்ள காலத்துக் கிணற்று நீரில் கழுவினால் வயிற்றோட்டத்தை விலை கொடுத்து வாங்கியதாகும்.

குளிப்பு

முதல் குளிப்புக்கு அவசரமில்லை. ஒரு நாளாவது போகட்டும், பிள்ளையின் உடல் சூடு நிலைக்கட்டும்.

மூத்தவனைக் குளிப்பாட்ட ஊரில் பழகிய கை உள்ள ஓர் ஆச்சி வந்தார். சுவரில் சாய்ந்து கால்களை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை முழந்தாளுக்குக் கீழே குப்புறக் கிடத்தி, ஒரு கையால் தாடையை ஏந்தி, மற்றக் கையால் வெந்நீரை வார்த்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்துப் பிள்ளையைத் திருப்பி, மூக்கை நீவி, மூக்குத் துவாரத்தில் எண்ணெய் விட்டு ஊதப் போனபோது நான் எழுந்து போய்ப் பிள்ளையை வாங்கிவிட்டேன். ஆச்சிக்குக் கோபம் வந்தது. எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் பிள்ளைக்கு நிமோனியா வரும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, "டொக்டர் வேண்டாம் என்றார்" என்று பழியை வேறு பக்கம் போட்டேன். நீங்களும் அப்படிச் செய்யலாம். எண்ணெயை உடம்பில் மெதுவாகத் தடவுவதில் குற்றமில்லை. மூக்கு, காது, கண், தொப்புள் நான்கும் அவர் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். மூக்கை நீவினாலும் அது அப்பாவின் மூக்காகத்தான் வளரும்.

பொருட்கள்: அகன்ற பிளாஸ்டிக் தொட்டி, கைபிடியுள்ள கோப்பை, வாசனை குறைந்த சவர்க்காரம், முன்கூட்டியே விரித்துவைத்த துவாய். தொட்டியில் முதலில் குளிர்ந்த நீர், பிறகு சுடுநீர். ஒருபோதும் மாறிச் செய்யாதீர்கள். முழங்கையை முக்கினால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. வெள்ளம் வடிந்த பிறகு கிணறு இறைத்துக் குளோரின் போடும்வரை, கொதிக்கவைத்து ஆற்றிய நீரையே பாவியுங்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துத் துடையுங்கள். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றில் ஈரம் நின்றால் அங்கேதான் தோல் வெந்துபோகும். பவுடரைத் தட்டினால் அந்தத் தூள் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும், அது வேண்டாம். கண்மையும் வேண்டாம், சிலவற்றில் ஈயம் கலந்திருக்கும். திருஷ்டிக்குப் பொட்டு வைக்காமல் முடியாது என்றால் உள்ளங்காலில் வையுங்கள்.

தொப்புள்கொடிக்கு எதுவும் பூச வேண்டாம், சாம்பல், எண்ணெய், திருநீறு எதுவுமே. அது ஒன்று இரண்டு வாரத்தில் தானாக உலர்ந்து விழும். துணியை அதற்குக் கீழே மடித்துக் கட்டி, காற்றுப்பட விடுங்கள். சுற்றியுள்ள தோல் சிவந்தாலோ நாற்றத்தோடு நீர் வடிந்தாலோ காட்ட வேண்டும்.

மருந்துப் பெட்டியில் ஒன்றே ஒன்று

டிஜிற்றல் வெப்பமானி. பாமசியில் கிடைக்கும். வாங்கியதும் வீட்டில் எல்லோருக்கும் வைத்துப் பழகுங்கள், இரவு இரண்டு மணிக்கு அதன் பொத்தானைத் தேடக் கூடாது. அக்குளில் வைத்துப் பார்க்கும்போது 36.5 முதல் 37.5 பாகை செல்சியஸ் வரை சரி. கூடினால் சுற்றிய துணியைத் தளர்த்தி, அரை மணி நேரத்தில் மீண்டும் பாருங்கள், நம் ஊர் வெயிலில் மூன்று துணியால் சுற்றிய பிள்ளைக்குக் காய்ச்சல் போலத் தெரியும். இறங்காவிட்டாலோ 38 ஆனாலோ, பாரன்ஹீட்டில் 100.4, வைத்தியசாலைதான். பிறந்த பிள்ளைக்கு வீட்டில் பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையே இல்லை. கிரைப் வோட்டரும் வேண்டாம்.

காய்ச்சல் இல்லாமலும் ஓட வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. பிள்ளை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடப்பது, அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு அறுபது தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி குழிவது, வலிப்பு, உடம்பு சில்லிட்டுப்போவது. மஞ்சள் நிறம் பிறந்த முதல் நாளிலேயே தெரிந்தாலும், எந்த நாளிலாவது உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் பரவினாலும் அன்றே போக வேண்டும். இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்று நாளைக் கடத்துவது ஆபத்து.

அட்டையும் பதிவும்

பிள்ளையின் சுகாதார அட்டை ஆண்பிள்ளைக்கு நீலம், பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. எடை, ஊசி, வளர்ச்சி எல்லாம் அதில்தான். பாடசாலை சேர்க்கும்போதும் கேட்பார்கள். தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெள்ளம் ஏறாத உயரத்தில் வையுங்கள். சுனாமியில் வீட்டோடு கடதாசியும் போனவர்கள் ஒவ்வொரு பிரதிக்கும் எத்தனை நாள் அலைந்தார்கள் என்பது கரையோரத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒவ்வொரு கிளினிக்குக்குப் பிறகும் பக்கங்களைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதற் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர், ஊரில் நாம் மிஸ் என்று கூப்பிடுபவர், முதல் பத்து நாட்களுக்குள்ளேயே வீடு தேடி வர வேண்டியவர். நீங்கள் பதிந்தது ஒரு பிரிவு, பிள்ளையோடு இருப்பது இன்னொரு பிரிவு என்றால் இருவருமே மற்றவர் வருவார் என்று இருந்துவிடக்கூடும். வைத்தியசாலையிலிருந்து வந்த அன்றே இருவருக்கும் அழைத்துச் சொல்லிவிடுங்கள். அடுத்த தடுப்பூசி இரண்டு மாதம் நிறைந்ததும்.

பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதத்தைத் தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று வேறு வழியில் அலைய நேரும். பெற்றோரின் விவாகச் சான்றிதழும் அடையாள அட்டைகளும் கையில் இருக்கட்டும். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள், வாயால் சொல்லாதீர்கள். எழுதி முடித்ததை எழுத்தெழுத்தாக வாசித்த பிறகே கையெழுத்து.

இரவில் போகும் வழி

எந்தப் பட்டியலிலும் இல்லாதது இது. பிள்ளைக்கு நள்ளிரவில் முடியாமல் போனால் யார் வாகனத்தோடு வருவார்?

வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் இருப்பவர்களுக்குப் பிரதான வீதி பக்கத்திலேயே. மேற்கே, படுவான்கரையில் கதை வேறு. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கு வாவியைக் கடப்பது எளிதாகிவிட்டது. அதற்கு முன் பாதை என்னும் மிதவைப் படகுக்காக அந்தத் துறையில் காத்திருந்த தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். வெல்லாவெளிப் பக்கத்து உள்ளூர்களில் இன்றும் இருட்டிய பிறகு யானை வழியில் நிற்கும். மழைக்காலத்தில் தாம்போதிகளுக்கு மேலால் தண்ணீர் ஓடும். அப்படியான இடத்தில் இருப்பவர்கள் திகதிக்கு இரண்டு வாரம் முன்னரே வைத்தியசாலைக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது, முடிந்தால் பிள்ளை பிறந்து முதல் இரண்டு வாரமும் அங்கேயே.

1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்த எண்ணோடு, இரவில் எழும்பி வரக்கூடிய இரண்டு ஆட்டோக்காரர்களின் எண்களையும் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டுங்கள். அவர்களிடம் முன்பே பேசி வைத்துவிடுங்கள்; நல்ல மனிதர்கள்தான், ஆனால் தூக்கத்தில் தொலைபேசியை அணைத்து வைப்பவரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிளில் பச்சைப் பிள்ளையை ஏந்திப் போகாதீர்கள். தொலைவிலுள்ள பெரிய வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை, கிட்டியதற்குப் போனால் அங்கே முதற்சிகிச்சை செய்து தங்கள் அம்புலன்ஸிலேயே மாற்றி அனுப்புவார்கள். கதவருகில் ஒரு சிறு பை எப்போதும் ஆயத்தமாக இருக்கட்டும்: அட்டை, ஐந்து துணி, ஒரு துவாய், டோர்ச், கொஞ்சம் காசு. வெள்ளத்தில் பாடசாலைக்கு இடம்பெயர நேர்ந்தாலும் இதே பையோடு வலையையும் சுருட்டிக்கொண்டு எழும்பலாம். மாப்பால் குடிக்கும் பிள்ளையின் தாய்தான் அங்கே சுடுநீருக்கு அலைவார்.

தாய்க்கு

பிள்ளைக்கு ஐம்பது துணி தேடும் வீட்டில் தாய்க்கு ஒரு சாய்வுக் கதிரை தேட யாரும் நினைப்பதில்லை. நாளுக்குப் பத்துத் தடவை பால் கொடுக்க முதுகு தாங்கும் கதிரையும், மடியில் வைக்க ஒரு தலையணையும், கைக்கெட்டும் இடத்தில் தண்ணீரும் வேண்டும். சரக்குக் கறியும் சுறா வறையும் முருங்கையிலையும் சாப்பிடுங்கள், நல்ல உணவுதான். பத்தியம் என்று மீனையும் பழத்தையும் தண்ணீரையும் குறைத்தால் மட்டும் இணங்க வேண்டாம். கிளினிக்கில் தரும் திரிபோஷாச் சத்துமா தாய்க்குரியது; வீட்டிலுள்ள மற்றவர்கள் உருண்டை பிடித்துத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரத்தப்போக்கு திடீரென்று கூடினாலோ, காய்ச்சலோ, கடும் தலையிடியோ வந்தாலோ தாய்க்கும் அதே ஆட்டோதான், அதே அவசரம்தான். தாய்க்கு வரும் காரணமில்லாத அழுகை இரண்டு வாரம் கடந்தும் விடாவிட்டால் அதையும் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

பார்க்க வருபவர்களைக் கிணற்றடியில் கைகால் கழுவிய பிறகே உள்ளே விடுங்கள். இருமல் தடிமன் உள்ளவர்களைத் துடக்குக் கழிந்த பிறகு வரச் சொல்லலாம், வழக்கம் இங்கே நமக்கு உதவுகிறது. என்ன கொண்டுவரட்டும் என்று தொலைபேசியில் கேட்பவர்களிடம் "ஒன்றும் வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்கு அப்படிச் சொன்னதில் பதினொரு பேபி சோப் பெட்டி சேர்ந்தது. மச்சாளிடம் ஒரு சட்டி சோறும் கறியும் கேளுங்கள். அலுவலகத்திலுள்ளவர்களிடம் எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல பிளாஸ்க் வாங்கச் சொல்லுங்கள். மாமியிடம் அவருடைய பழைய சேலைகளை.